குமாரமங்கலம்: ஊர்ப் பெயர் குடும்பப் பெயரான கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சூரமங்கலத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். நேற்று இரவு இரண்டு பேரும் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினோம். 'சர்நேம்' என்ற கட்டம் வந்ததும் கை நின்றுவிட்டது. இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். என் பெயரைப் போட்டுவிடலாம் என்று சொன்னேன். அதற்கு அவள் ஒன்று கேட்டாள்.

"ஜி.எச். வாசல்ல மோகன் குமாரமங்கலம்னு போர்டு இருக்கேப்பா, குமாரமங்கலம் அவங்க அப்பா பேரா?"

இல்லம்மா, ஊர்ப் பெயர் என்றேன்.

"அப்போ நாம சூரமங்கலம்தானே, நானும் அதையே போட்டுக்கலாமா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து இந்தச் சேலத்தில்தான் இருக்கிறேன். அந்தப் பெயரை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அம்மாவை அங்கே சேர்த்திருந்த பதினோரு நாளும் அந்த போர்டுக்குக் கீழேதான் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு நின்றேன். அது என்ன பெயர், ஒரு குடும்பத்தோடு எப்படி ஒட்டியது, அவர்களைத் தவிர வேறு யாருக்காவது இருக்கிறதா என்று யோசித்ததே இல்லை. தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள்.

திருச்செங்கோட்டு வாத்தியார்:

தம்பி, நல்ல கேள்வி. பாப்பாவுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

குமாரமங்கலம் எங்கள் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்து ஊர். இப்போது நாமக்கல் மாவட்டம். 1997இல் மாவட்டம் பிரியும் வரை நாங்களும் சேலத்துக்காரர்கள்தான். அங்கே ஒரு ஜமீன் இருந்தது. அந்த ஜமீன் குடும்பத்தில் 1889இல் பிறந்தவர் டாக்டர் பி. சுப்பராயன். 1926 டிசம்பரிலிருந்து 1930 அக்டோபர் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். பிற்பாடு மத்திய அமைச்சர், 1962இல் மகாராஷ்டிர ஆளுநர், அந்த ஆண்டே காலமானார்.

அவருடைய பெயரைக் கவனியுங்கள். 'பி' என்பது பரமசிவ, அதாவது அப்பா பெயர். அப்புறம் சுப்பராயன், சொந்தப் பெயர். உங்களுக்கும் எனக்கும் எப்படியோ அப்படித்தான் அவருக்கும். குமாரமங்கலம் என்பது அவர் எந்த ஜமீன் என்று சொல்லும்போது வரும், பெயருக்குள் வராது.

அவருடைய பையன்களிடம்தான் மாற்றம். மூத்தவர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி. இன்னொருவர் கோபால் குமாரமங்கலம். அப்புறம் உங்கள் ஆஸ்பத்திரி போர்டில் இருக்கும் மோகன் குமாரமங்கலம். 1971இல் மத்திய உருக்கு, சுரங்கத் துறை அமைச்சரானார். 1973 மே 31 அன்று டெல்லிக்கு அருகே நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். 1986இல் சேலத்தில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் மகன் ரங்கராஜன் குமாரமங்கலத்தை நம் தொகுதியே 1984இல் மக்களவைக்கு அனுப்பியது.

இதில் எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருப்பது ஒன்று. பையன்களின் பெயரில் சுப்பராயன் இல்லவே இல்லை! மூத்தவர் பெயரில் தாத்தா இருக்கிறார், அவர் இருக்கிறார், ஊர் இருக்கிறது. அப்பா இல்லை. மோகனின் முழுப் பெயர் சுரேந்திர மோகன் குமாரமங்கலம். 'எஸ்' என்று பார்த்தால் சுப்பராயன் என்றுதான் நினைப்போம். அது சுரேந்திர. தமிழ்நாட்டில் அப்பா பெயர் இல்லாமல் ஒரு பெயரா? அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பெரியவர்கள் அதைக் கேட்டுத் திகைத்திருப்பார்கள்.

மூத்தவரும் மோகனும் இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியில் படித்தவர்கள். அங்கே பையன்களைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அங்கே ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கும், அதற்கு அப்பா பெயரை விட ஊர்ப் பெயர் பொருத்தமாகத் தோன்றியிருக்கும் என்பது என் கணிப்பு.

பொருள் பற்றி நாளை எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

துபாய் சேலத்தான்:

அண்ணா, கதையெல்லாம் படியுங்கள், ஆனால் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. ஒற்றைப் பெயர்தான். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசா கிடையாது என்று சொன்னபோது, என்னைப் பார்க்க வரவிருந்த தம்பிக்கும் அதே நிலைமை. டிக்கெட் எடுத்தாயிற்று. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள், அதற்குள் எங்கள் அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. அமெரிக்க விசாவில் இன்னொரு விதம். உள்ள ஒரே பெயரை சர்நேமாக வைத்துவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எப்.என்.யு. என்று அடித்துவிடுவார்கள், முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். அப்பா அம்மா வைத்த பெயர் அங்கே இருக்கும்போதே தெரியாது என்று எழுதினால் மனசு எப்படி இருக்கும்?

சூரமங்கலத்தான்:

தம்பி, நன்றி. காலியாக விட மாட்டோம். என்ன போடுவது என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு.

வாத்தியார் ஐயா, அப்பா பெயர் இல்லாதது எனக்கும் தூக்கிவாரிப்போட்டது. மகள் பொருளுக்காகக் காத்திருக்கிறாள்.

அம்மாப்பேட்டைத் தறி வீடு:

வாத்தியார் ஐயா, வணக்கம். நீங்கள் பையன்களை மட்டும் சொன்னீர்கள். ஒரு பெண் குழந்தைக்காகத்தானே இந்தக் கேள்வியே வந்தது? அந்த வீட்டுப் பெண்கள் பெயரையும் சேர்த்துப் பார்க்கலாம்.

சுப்பராயனின் மனைவி ராதாபாய். மங்களூர்க்காரர். ஒடுக்கப்பட்டவர்களுக்காகப் பள்ளிக்கூடங்கள் நடத்திய குத்முல் ரங்கராவின் மகள். 1930இல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர். 1938இல் டெல்லியில் மாநிலங்கள் அவையில் உட்கார்ந்த முதல் பெண். அவரை எல்லாரும் அறிந்தது ராதாபாய் சுப்பராயன் என்று. அதாவது புருஷனின் சொந்தப் பெயர் அவருக்கு வாலாக வந்தது. பிறந்த வீட்டுக் குத்முல் போய்விட்டது, குமாரமங்கலமும் வரவில்லை.

மகள் பார்வதி. கம்யூனிஸ்ட் இயக்கத்தில் தொழிலாளர்களுக்காக உழைத்தவர். கோயம்புத்தூர் எம்.பி.யாகவும் இருந்தார். என்.கே. கிருஷ்ணனைக் கல்யாணம் செய்து பார்வதி கிருஷ்ணன் ஆனார்.

ஒரே வீட்டில் அப்பா பி. சுப்பராயன். அம்மா ராதாபாய் சுப்பராயன். பிள்ளைகள் குமாரமங்கலம். பெண் பார்வதி கிருஷ்ணன். ஒரு ரேஷன் கார்டில் இந்த நாலு பேரையும் எழுதினால் இவர்கள் ஒரே குடும்பம் என்று நம்ப மாட்டார்கள்! அடுத்த தலைமுறையில் மோகனின் மகள் லலிதா குமாரமங்கலம் அந்தப் பெயரோடேயே இருக்கிறார். அவர் 2014இல் தேசிய மகளிர் ஆணையத் தலைவரானபோது செய்தியில் பெயரைக் கேட்டு, அட, நம்ம பக்கத்துப் பெயர் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நாங்கள் சௌராஷ்டிரர். எங்களுக்கு வீட்டுப் பெயர் என்று ஒன்று உண்டு. எந்த வீடு என்று கேட்டால் அந்தப் பெயரைத்தான் சொல்வோம். ஆனால் வெளியே யாருக்கும் தெரியாது, இனிஷியலின் முதல் எழுத்தில் சுருண்டு கிடக்கும். டி.எம். சௌந்தரராஜன் எல்லாருக்கும் தெரியும். 'எம்' அப்பா மீனாட்சி ஐயங்கார். 'டி' என்ன என்று கேளுங்கள், நூற்றில் ஒருவர் சொன்னால் அதிகம். தொகுளுவ. அது அவர்கள் வீட்டுப் பெயர். ஊரே பாட்டைக் கேட்டது, அந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆனதும் என் பிறந்த வீட்டு எழுத்து போய் புகுந்த வீட்டு எழுத்து வந்தது. என் பேத்திக்கு ஒற்றை எழுத்துதான், அப்பா பெயர் மட்டும். வீட்டுப் பெயர் எழுத்தைப் பள்ளியில் சேர்க்கும்போதே விட்டுவிட்டார்கள். இன்னும் ஒரு தலைமுறை போனால் கேட்கக்கூட ஆள் இருக்காது.

திருச்செங்கோட்டு வாத்தியார்:

அம்மா, சரியான இடத்தைப் பிடித்தீர்கள். நாலு பெயர் வேறு வேறு என்பதை நான் இத்தனை வருஷத்தில் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

பொருளுக்கு வருகிறேன். மங்கலம் என்று முடியும் ஊர்கள் பெரும்பாலும் பழைய தானம். அரசர்கள் அந்தணர்களுக்கு வரி நீக்கிக் கொடுத்த நிலத்தில் எழுந்த ஊர்களைச் சதுர்வேதிமங்கலம் என்று கல்வெட்டுகள் சொல்லும். குடவோலைத் தேர்தல் கல்வெட்டு இருக்கும் உத்தரமேரூரும் சதுர்வேதிமங்கலம்தான். தானம் கொடுத்த அரசன் பெயரோ, அவன் வீட்டார் பெயரோ, சாமி பெயரோ முன்னால் நிற்கும். பேச்சில் சதுர்வேதி உதிர்ந்து மங்கலம் மட்டும் நிற்கும்.

குமாரன் என்றால் மகன், இளவரசன், முருகன். மூன்றுமே பொருந்தும். நான் முருகன் பக்கம் சாய்கிறேன். காரணம் எங்கள் மலை. மேலே அர்த்தநாரீஸ்வரரோடு செங்கோட்டு வேலவரும் இருக்கிறார். கொல்லிமலை அடிவாரத்தில் சேந்தமங்கலம் இருக்கிறதே, அந்தச் சேந்தனும் முருகன் பெயர்களில் ஒன்று. ஒரே வட்டாரத்தில் குமாரமங்கலம், சேந்தமங்கலம் என்று இரண்டு. முருகனை நினைக்காமல் எப்படி இருப்பது?

பாப்பா, உங்கள் சூரமங்கலத்துச் சூரனைச் சூரபத்மனோடு முடிச்சுப் போட வேண்டாம். சூரன் என்றால் வீரன். சூரியனுக்கும் அந்தப் பெயர் உண்டு.

எத்தனை பேருக்கு இந்தப் பெயர் என்று கேட்டீர்கள். குடும்பப் பெயராக நான் அறிந்தது அந்த ஒரு வீடுதான். குமாரமங்கலத்து ஊர்க்காரர்கள் யாரும் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஊரைப் பெயருக்கு முன்னால் வைப்பதுதான் நம் வழக்கம். சேலம் விஜயராகவாச்சாரியார், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், செம்மங்குடி சீனிவாச ஐயர். முன்னால் நிற்கும் ஊர் எழுத்தாகச் சுருங்கும். சி.என். அண்ணாதுரையின் 'சி' காஞ்சிபுரம், வெள்ளைக்காரன் எழுத்தில் காஞ்சீவரம் 'சி'யில் தொடங்கியதால். 1930களில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கிய டி.ஆர். சுந்தரத்தின் 'டி' எங்கள் திருச்செங்கோடு! பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு. ஒன்று பெயருக்கு முன்னால் நின்று ஒற்றை எழுத்தானது. இன்னொன்று பின்னால் போய் முழுசாக நின்றது, டெல்லி வரைக்கும் போனது.

குகைக்காரன்:

ஐயா சொன்னதெல்லாம் அருமை. ஆனால் எனக்கு ஒரு வருத்தம், சொல்லிவிடுகிறேன். குடும்பப் பெயர், வீட்டுப் பெயர் என்று தேடிப்போனால் கடைசியில் சாதியில் போய்த்தான் முடியும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். நீங்கள் சொல்லும் சுப்பராயன்தான் அப்போது முதலமைச்சர். அதற்குப் பிறகு எத்தனை பேர் வாலை வெட்டினார்கள்! வேறு மாநிலத்துக்குப் போனால் சர்நேம் கேட்டு சாதியை அளக்கிறார்கள். நான் வடக்கே ஆறு வருடம் வேலை பார்த்தேன். முதல் வாரத்திலேயே அறையில் இருந்தவர் "அப்புறம் என்ன?" என்று என் பெயருக்குப் பின்னால் எதையோ தேடினார். ஒன்றுமில்லை என்று சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தக் காலிக் கட்டம் நம் தாத்தாக்கள் சம்பாதித்துக் கொடுத்தது. அதை நிரப்ப அவசரப்பட வேண்டாம்.

அம்மாப்பேட்டைத் தறி வீடு:

தம்பி, உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் குமாரமங்கலம் என்று கேட்டால் எந்தச் சாதி என்று தெரிகிறதா? ஊர் தெரிகிறது, அவ்வளவுதான். அந்த ஊரில் எல்லாரும் இருப்பார்கள். அந்த வகையில் ஊர்ப் பெயர் நல்ல பெயர்.

குகைக்காரன்:

அக்கா, ஒப்புக்கொள்கிறேன். ஊர்ப் பெயரில் எனக்குச் சண்டை இல்லை. அது ஜமீன் ஊர் என்பதையும் மறக்க வேண்டாம். ஊர் எல்லாருக்கும் சொந்தம், பெயராக எடுத்துக்கொண்டது ஒரு வீடு.

மோளப்பாளையம் மாமா:

எங்கள் கொங்குப் பக்கமும் இதே கதைதான். காடை, ஆந்தை, தூரன், செம்பன் என்று கூட்டப் பெயர்கள் இருக்கின்றன. சம்பந்தம் பேசும்போது முதல் கேள்வியே "என்ன கூட்டம்?" என்பதுதான். ஒரே கூட்டம் என்றால் பங்காளி, பெண் கொடுத்து எடுக்க மாட்டோம். ஆனால் இதைப் பெயரோடு சேர்த்து எழுதும் பழக்கம் இல்லை. விதிவிலக்காகப் பெரியசாமித் தூரன் தன் கூட்டப் பெயரைப் பெயரோடு வைத்துக்கொண்டார். அவரைப் படித்தவர்களில் பாதிப்பேர் தூரன் என்பதைப் புனைபெயர் என்றே நினைத்திருப்பார்கள்.

நாகலூர் மலைக்காரன்:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். இரண்டு நாளாக டவர் இல்லை, இப்போதுதான் முழுசாகப் படித்தேன்.

எங்கள் மலையிலும் ஒரு மங்கலம் இருக்கிறது, மாரமங்கலம். நாங்கள் மலையாளிகள். கேரளத்து மலையாளி இல்லை, மலையில் வாழ்கிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் கதையை எங்கள் தாத்தா சொல்வார். மூத்தவர் சேர்வராயன் மலைக்கு வந்தார், மற்றவர்கள் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்கள். எங்களுக்குச் சர்நேம் கிடையாது. என்ன நாடு, என்ன ஊர், யார் மகன் என்று கேட்பார்கள், அதிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மலைக்கு சர்நேமோடு வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபிச் செடியை இங்கே கொண்டுவந்தார். ஏற்காட்டின் தந்தை என்று சொல்கிறார்கள், மலை அவருக்கு முன்னாலும் இருந்தது என்பதை எங்கள் ஆட்கள் மறப்பதில்லை. அவர் பெயரை எழுதுவது ஒரு மாதிரி, அவர்கள் உச்சரிப்பது கோபர்ன் என்று. ஒரு தடவை எஸ்டேட் பார்க்க வந்த ஸ்காட்லாந்துப் பெரியவர் ஒருவருக்கு வழிகாட்டப் போனேன். காக்பர்ன் என்பது அவர்கள் நாட்டில் பெரிக்‌ஷயர் பக்கம் ஓர் இடத்தின் பெயர், அங்கே நிலம் வைத்திருந்த குடும்பத்துக்கு அதுவே பெயராகிவிட்டது என்றார். இப்போது வாத்தியார் எழுதியதைப் படித்ததும் அது ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்றுதானே? நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஊரின் பெயர் தங்களுடைய பெயராகிறது. அந்த நிலத்தில் வேலை செய்தவர்களுக்கு அப்பா பெயரின் ஓர் எழுத்து மிஞ்சுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, எனக்குப் பட்டது.

எங்கள் சாமி பெயரையே ஷெவராய் ஆக்கிவிட்டார்கள். சேர்வராயன் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு நிறைவாக இருக்கிறது. உங்கள் மகள் என்ன பெயர் போட்டாலும் தமிழில் சரியாக எழுதி, ஆங்கில எழுத்தையும் இரண்டு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள். என் தம்பிக்கு ஓர் எழுத்து மாறி, சான்றிதழைத் திருத்த ஒரு வருடம் அலைந்தோம்.

திருச்செங்கோட்டு வாத்தியார்:

மலைக்காரத் தம்பி, நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஊர், மற்றவர்களுக்கு ஓர் எழுத்து என்றீர்களே, அது மனதில் தைத்துவிட்டது. ஆனால் ஓர் எழுத்து என்பது சின்ன விஷயம் இல்லை. அதைத் திறந்து பார்த்தால் உள்ளே ஓர் ஆள் இருப்பார், அல்லது ஓர் ஊர் இருக்கும். இதைப் படிக்கிற எல்லாரும் ஒன்று செய்யுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அப்பாவின் இனிஷியல், தாத்தாவின் இனிஷியல் என்னவென்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் தாத்தாவுக்கு இரண்டு எழுத்து. ஒன்று அவர் அப்பா. இன்னொன்று என்னவென்று சொல்ல இன்று யாரும் இல்லை. முப்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தேன், அதைக் கேட்டு வைக்கவில்லை.

சூரமங்கலத்தான்:

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனோம். அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. தாத்தாவின் பழைய கிரயப் பத்திரம் அவரிடம்தான் இருக்கிறது. துணிப்பையில் மடித்து வைத்திருந்தார். அதில் தாத்தா பெயருக்கு முன்னால் 'ம' என்று ஓர் எழுத்து, அப்புறம் அவர் அப்பாவின் எழுத்து. அப்பாவுக்கும் எனக்கும் அந்த 'ம' இல்லை. அத்தையிடம் என்ன என்று கேட்டாள் மகள்.

"மல்லூரு சாமி. அங்கிருந்துதான் உங்க கொள்ளுத்தாத்தனோட அப்பாரு ரயிலடி வேலைக்குச் சூரமங்கலம் வந்தாரு. உங்க கொள்ளுத்தாத்தனைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது போட்டது. உங்க அப்பனுக்கப்பனைச் சேர்க்கும்போது இங்கேயே வீடு கட்டியாச்சு, எதுக்குன்னு விட்டுட்டாங்க."

ரயிலடிக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவன் நான். மல்லூர் வழியாக எத்தனை தடவை ராசிபுரம் போயிருப்பேன். ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

துபாய் தம்பி சொன்னபடி கட்டத்தைக் காலியாக விடவில்லை. பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால் சர்நேம் இடத்தில் என் பெயரைத்தான் எழுதினாள். மலைக்காரத் தம்பி சொன்னதற்காக எழுத்தை இரண்டு தடவை பார்த்தோம். வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட்.

அத்தை சொன்னதை அவள் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறாள். அம்மாப்பேட்டை அக்கா, நீங்கள் சொன்னதால் முதல் பக்கத்தில் என் அம்மா, அவள் அம்மா, இரண்டு பாட்டிகள் பெயரைப் போட்டிருக்கிறாள். என் பாட்டியின் அம்மா பெயர் அத்தைக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் மல்லூர் போய்க் கேட்கலாம் என்கிறாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே பழைய மளிகைக்கடை வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அங்கிருந்து தொடங்குகிறோம்.